பனை விதைப்புக்குப் பதிவர்களை அழைப்பது எப்படி? அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

விழுப்புரம் மாவட்டத்தில் ஏரிக்கரைகளில் பனை விதைக்கிற சிறு குழு எங்களுடையது. பத்துப் பன்னிரண்டு பேர். பதிவு செய்த அறக்கட்டளை கிடையாது, அலுவலகம் கிடையாது, ஒரு டீக்கடை உண்டு. குழி தோண்டுவதில் நான் ரொம்ப மோசம் என்பதால், வலைப்பதிவர்களுக்குக் கடிதம் எழுதும் வேலை என் தலையில் விழுந்தது. குளம் தூர்வாருகிறவர்கள், ரத்த தானம் செய்கிறவர்கள், நாட்டு நெல் விதை பரப்புகிறவர்கள் என்று பல ஊர்களிலிருந்தும் போன் செய்து ஒரே மாதிரி கேள்விகளைக் கேட்கிறார்கள். ஒவ்வொருவருக்கும் தனித்தனியாகச் சொல்லி அலுத்துப்போய் இங்கே எழுதி வைக்கிறேன்.

பதிவர்கள் இன்னும் இருக்கிறார்களா? எல்லாரும் யூடியூபுக்குப் போய்விட்டார்களே?

பாதி உண்மை. 2004-இல் எல்லாருடைய பதிவுகளையும் ஒரே இடத்தில் காட்டுகிற தமிழ்மணம் திரட்டி வந்த பிறகு சில ஆண்டுகள் தமிழில் வலைப்பதிவுகள் கொடிகட்டிப் பறந்தன. அப்புறம் ஃபேஸ்புக் வந்தது, பாதிப் பேர் கடையைச் சாத்தினார்கள். மீதிப் பேரில் பலரை யூடியூபும் இன்ஸ்டாகிராமும் கூட்டிக்கொண்டு போயின. அதனால் நான் "பதிவர்" என்று சொல்லும்போது இவர்கள் எல்லாரையும் சேர்த்துத்தான் சொல்கிறேன். ஊர்ச் செய்தி போடுகிற வாட்ஸ்அப் சேனல்காரர்கூட இதில் அடக்கம்.

ஆனாலும் இன்றுவரை பிளாக்ஸ்பாட்டில் எழுதிக்கொண்டிருக்கிற ஒருவர் கிடைத்தால் விடாதீர்கள். ஃபேஸ்புக்கில் போட்டது இரண்டு நாளில் கீழே போய்விடும், அதற்குப் பிறகு போட்டவருக்கே தேடினால் கிடைக்காது. வலைப்பதிவு அப்படியில்லை. ஏதோ ஒரு பள்ளிக்கூடத்து ஆசிரியர் ஆவணி மாதம் "பனை விதை நடுவது எப்படி" என்று கூகுளில் தட்டினால், ஐந்து வருடத்துக்கு முன்னால் எழுதிய பதிவு வந்து நிற்கும். எங்களுக்கு வரும் அழைப்புகளில் பல இப்படிப் பழைய பதிவு ஒன்றைப் படித்துவிட்டு வருபவைதான்.

பதிவர்கள் எழுதி உண்மையிலேயே ஏதாவது நடந்திருக்கிறதா?

நடந்திருக்கிறது, நடக்காமலும் போயிருக்கிறது. இரண்டையும் பார்த்தால்தான் எதைக் கேட்க வேண்டும் என்று புரியும்.

2004 டிசம்பர் 26 அன்று சுனாமி வந்தபோது, மும்பையைச் சேர்ந்த சில பதிவர்கள் உடனே ஒரு கூட்டு வலைப்பதிவைத் தொடங்கினார்கள். காணாமல் போனவர்கள் பற்றிய விவரம், உதவி எண்கள், எங்கே என்ன தேவை, யாரிடம் பணம் கொடுக்கலாம் என்பதையெல்லாம் அதில் திரட்டிப் போட்டார்கள். உலகின் பல பக்கங்களிலிருந்தும் முன்பின் தெரியாத ஆட்கள் வந்து கைகொடுத்தார்கள். 2011 ஜனவரியில் தமிழக மீனவர்கள் கடலில் கொல்லப்பட்டபோது, தமிழ்ப் பதிவர்களும் ட்விட்டர்காரர்களும் ஒரே குறிச்சொல்லை (ஹேஷ்டேக்) வைத்துக்கொண்டு எழுதிக் குவித்தார்கள், இணைய மனுவுக்குக் கையெழுத்துத் திரட்டினார்கள். கரையோர மாவட்டங்களுக்கு வெளியே அதிகம் பேசப்படாத விஷயத்தைச் சென்னை, பெங்களூரு அலுவலகங்களில் உட்கார்ந்திருந்தவர்கள் பேச வேண்டிவந்தது.

இன்னொரு பக்கம் 'பிளாக் ஆக்‌ஷன் டே'. 2007 அக்டோபர் 15-இல் தொடங்கினார்கள். ஆண்டுக்கு ஒரு நாள் உலகப் பதிவர்கள் எல்லாரும் ஒரே பொருளைப் பற்றி எழுத வேண்டும். முதல் ஆண்டு சுற்றுச்சூழல், 2008-இல் வறுமை, 2010-இல் தண்ணீர். ஆயிரக்கணக்கானவர்கள் எழுதினார்கள். நல்ல காரியம்தான், குறை சொல்லவில்லை. ஆனால் தண்ணீரைப் பற்றி அக்டோபர் 15 அன்று படித்துவிட்ட ஒருவர் 16-ஆம் தேதி காலையில் எழுந்து என்ன செய்வார்? சுனாமிப் பதிவைப் படித்தவருக்குச் செய்ய ஒரு வேலை இருந்தது. இங்கே பெரும்பாலும் தலையாட்டிவிட்டு நகர வேண்டியதுதான். நாங்கள் இரண்டாவது வகையில் மாட்டிக்கொள்ளக் கூடாது என்று ஆரம்பத்திலேயே முடிவு செய்துகொண்டோம்.

யாரைத் தேடிப் போவது? லட்சம் பேர் பின்தொடர்கிறவரையா?

முதல் ஆண்டு அப்படித்தான் போனோம். ஒருவர்கூடப் பதில் போடவில்லை. அவர்களைச் சொல்லிக் குற்றமில்லை. ஒரு நாளைக்கு எத்தனை பேர் கேட்பார்களோ.

இரண்டாம் ஆண்டு வேறு மாதிரி யோசித்தோம். பனையை யார் யாருக்கெல்லாம் ஏற்கெனவே வேண்டும்? சமையல் பதிவர்களுக்குப் பனங்கிழங்கும் கருப்பட்டியும் வேண்டும். பறவை பார்க்கிறவர்களுக்குத் தூக்கணாங்குருவிக் கூடு வேண்டும். பனை ஓலையின் அடியில் கூடு கட்டுகிற பனை உழவாரன் வேண்டும். ஓலைச்சுவடி பற்றி எழுதுகிறவர்கள் இருக்கிறார்கள். அப்புறம் கோயில் கோயிலாகப் போய் எழுதுகிறவர்கள். விக்கிரவாண்டி பக்கத்தில் பனையபுரம் என்று ஓர் ஊர், தேவாரத்தில் 'புறவார் பனங்காட்டூர்' என்று சம்பந்தர் பாடிய தலம். தலமரமே பனைதான். பாடல் பெற்ற தலங்களைப் பற்றி எழுதிவந்த ஒருவருக்கு, "ஐயா, பனையபுரம் போனபோது தலமரத்தைப் பற்றி எழுதியிருந்தீர்கள். அங்கிருந்து கொஞ்ச தூரத்தில் நாங்கள் பனை விதைக்கிறோம், அடுத்த முறை வரும்போது பார்க்க முடியுமா?" என்று எழுதினேன். மறுநாளே பதில் வந்தது. அவர் பதிவுக்கு வருகிறவர்கள் சில நூறு பேர்தான் இருக்கும். ஆனால் அத்தனை பேரும் முழுசாகப் படிக்கிறவர்கள். அதில் இரண்டு பேர் குடும்பத்தோடு வந்து குழி தோண்டினார்கள்.

உங்கள் விஷயம் ரத்த தானமாக இருந்தால் இதையே வேறு மாதிரி கேட்டுப் பாருங்கள்: அடிக்கடி ரத்தம் ஏற்ற வேண்டியிருக்கிற தலசீமியா குழந்தையை வளர்க்கிற அம்மா யாராவது எழுதுகிறார்களா? பைக்கில் ஊர் சுற்றுகிறவர்கள் குழு வைத்திருக்கிறார்களா?

கடிதம் எப்படி எழுதுவது?

எங்கள் முதல் ஆண்டுக் கடிதம் இப்படி இருந்தது:

"அன்புடையீர், வணக்கம். தமிழ்நாட்டின் மாநில மரமாம் பனை இன்று வேகமாகக் குறைந்து வருகிறது. நம் பாரம்பரியத்தைக் காக்க எங்கள் குழு அயராது பாடுபட்டு வருகிறது. தங்கள் மேலான வலைப்பதிவில் எங்கள் பணியைப் பற்றி எழுதி ஆதரவளிக்குமாறு கேட்டுக்கொள்கிறோம்."

இதில் பொய் எதுவும் இல்லை. ஆனால் படிக்கிறவர் யார் என்றே எழுதியவருக்குத் தெரியவில்லை என்பது முதல் வார்த்தையிலேயே தெரிந்துவிடுகிறது. இப்போது எழுதுவது இப்படி:

"வணக்கம் மேடம். நீங்கள் போன தை மாதம் போட்ட பனங்கிழங்குப் பதிவில், 'இந்தக் கிழங்கு எப்படி முளைக்கிறது என்று ஒருநாள் நேரில் பார்க்க வேண்டும்' என்று எழுதியிருந்தீர்கள். வரும் ஞாயிறு காலை 6 மணிக்கு எங்கள் ஊர் ஏரிக்கரையில் கொட்டை ஊன்றுகிறோம். போன ஆண்டு ஊன்றியதில் ஒன்றைத் தோண்டிக் காட்டுகிறேன். விழுப்புரம் பஸ் ஸ்டாண்டிலிருந்து அழைத்துப் போக ஆள் வருவார். நீங்கள் எழுதித்தான் ஆக வேண்டும் என்றில்லை. காலை டிபன் எங்களோடு."

ஆறு வரி. எழுதச் சொல்லிக் கேட்கவே இல்லை என்பதைக் கவனியுங்கள். எழுதுகிற ஆளுக்கு எழுதுவதற்கு ஒன்று கண்ணில் பட்டுவிட்டால் போதும், கையைக் கட்டிப்போட்டாலும் எழுதுவார். கண்ணில் ஒன்றும் படாதபோது எழுதச் சொன்னால், நாம் அனுப்பிய நாலு வரியையே திருப்பிப் போட்டுவிட்டு "வாழ்க, வளர்க" என்று முடித்துவிடுவார்.

சார் என்பதா, தோழர் என்பதா, அண்ணா என்பதா?

அவர் பதிவின் பின்னூட்டங்களைப் படியுங்கள். அங்கே மற்றவர்கள் எப்படிக் கூப்பிடுகிறார்களோ, அவர் எதற்குச் சிரித்த முகத்தோடு பதில் சொல்கிறாரோ, அப்படி. ஒன்றும் பிடிபடவில்லை என்றால் பெயரோடு "அவர்களுக்கு" போதும்.

ஒரே கடிதத்தை ஐம்பது பேருக்கு அனுப்பினால் என்ன?

அனுப்பிப் பார்த்தவன் சொல்கிறேன், வேண்டாம். ஒருமுறை அவசரத்தில் எல்லார் முகவரியையும் 'பெறுநர்' கட்டத்திலேயே போட்டுத் தட்டிவிட்டேன். நாற்பது சொச்சம் பேருடைய மின்னஞ்சல் முகவரியும் மற்ற எல்லாருக்கும் தெரிந்துவிட்டது. அதில் ஒருவர் "அனைவருக்கும் பதில்" அழுத்தி என்னைத் திட்டினார். இன்னொருவர் திட்டியவரைத் திட்டினார். ஏற்கெனவே இரண்டு பேருக்குள் பழைய பகை வேறு இருந்திருக்கிறது, அதுவும் சேர்ந்துகொண்டது. அன்று இரவு ஒவ்வொருவருக்கும் தனித்தனியே மன்னிப்புக் கேட்டு எழுதி முடிக்க மணி இரண்டாகிவிட்டது. அந்த நேரத்தில் பத்துப் பேருக்கு ஒழுங்காகக் கடிதம் எழுதியிருக்கலாம்.

பொது அறிவிப்பு என்றால் ஒருவர் முகவரி மற்றவருக்குத் தெரியாத பிசிசி கட்டத்தில் போடுங்கள். அழைப்பு என்றால் ஒவ்வொன்றாக எழுதுங்கள்.

பதில் வராவிட்டால்?

பத்து நாள் கழித்து ஒரே ஒரு முறை நினைவூட்டுங்கள். அதோடு சரி.

வருகிறவருக்கு என்னென்ன தயார் செய்து வைக்க வேண்டும்?

பார்ப்பதற்கு ஒன்று, பேசுவதற்கு ஓர் ஆள், எடுத்துப்போக ஒரு பக்கக் குறிப்பு.

பார்ப்பது என்று சொன்னேன். பனையில் ஒரு சிக்கல் இருக்கிறது. வேப்பங்கன்றோ புங்கங்கன்றோ நட்டால் அன்றைக்கே பச்சையாக நிற்கும், பக்கத்தில் நின்று படம் எடுத்துக்கொள்ளலாம். பனங்கொட்டையை ஊன்றினால் முதலில் கீழே போகும். மூன்று மாதம் கழித்து வந்து பார்த்தாலும் மண்ணுக்கு மேலே ஒன்றும் இருக்காது. "ஏமாற்றுகிறார்களோ" என்றுகூட ஒருவர் நினைத்துவிட்டார், பிற்பாடு அவரே சொன்னார். அதனால் இப்போது கரையின் ஒரு மூலையில் காட்டுவதற்கென்றே இருபது கொட்டை தனியாக ஊன்றி வைக்கிறோம். வருகிறவர் முன்னால் ஒன்றைத் தோண்டுவோம். கொட்டையிலிருந்து வெள்ளையாக ஒரு விரல் கீழே இறங்கி, அதன் நுனியில் கிழங்கு திரண்டிருக்கும். பழைய கொட்டையை இரண்டாகப் பிளந்தால் உள்ளே பஞ்சு போன்ற தவுன். அதைத் தின்னக் கொடுத்தால் போதும், சென்னையிலிருந்து வந்தவர்கள் அப்புறம் நாம் சொல்வதைக் கேட்பதே இல்லை, படம் எடுக்கப் போய்விடுவார்கள்.

பேசுவதற்கு ஆள் என்றால் நானோ எங்கள் தலைவரோ இல்லை. கொட்டை பொறுக்கித் தருகிற ஓர் ஆயா இருக்கிறார். பழத்தை மோந்து பார்த்தே எந்த மரத்தடியில் எடுத்தது என்று சொல்வார். ஒரு பழத்தில் இரண்டோ மூன்றோ கொட்டை இருக்கும், எது முளைக்கும் எது முளைக்காது என்று கையில் எடுத்து எடை பார்த்தே ஒதுக்கிவிடுவார். வந்தவரை அவரிடம் விட்டுவிட்டு நாங்கள் குழி வேலையைப் பார்ப்போம். பெயர் போடலாமா, படம் போடலாமா என்பதை அவரிடமே கேட்டுக்கொள்ளச் சொல்வோம். பள்ளிப் பிள்ளைகள் வந்திருந்தால் பெற்றோர் சம்மதம் இல்லாமல் முகம் தெரியும் படம் கூடாது.

குறிப்பில் இருப்பவை: ஏரி நீர்வளத்துறையுடையதா, ஊராட்சி ஒன்றியத்துடையதா, அனுமதி யார் கொடுத்தது, கொட்டைக்குக் கொட்டை பத்தடி இடைவெளி ஏன், பனை காய்ப்புக்கு வரப் பன்னிரண்டு, பதினைந்து ஆண்டாவது ஆகும், பூத்தால்தான் ஆணா பெண்ணா என்றே தெரியும் என்பது, 2021-22 வேளாண் நிதிநிலை அறிக்கையில் 76 லட்சம் பனை விதைகள் தருவதாகவும் பனையை வெட்ட ஆட்சியர் அனுமதி கட்டாயம் என்றும் அரசு அறிவித்தது. படங்களை வாட்ஸ்அப்பில் சாதாரணமாக அனுப்பினால் சுருங்கிவிடும். கோப்பாக அனுப்புங்கள், இல்லையென்றால் டிரைவில் போட்டு இணைப்புக் கொடுங்கள்.

எண்ணிக்கையைக் கொஞ்சம் கூட்டிச் சொன்னால்தானே எடுபடும்?

சொல்லாதீர்கள். பதிவில் வந்தது அழியாது என்று மேலே பெருமையாகச் சொன்னேனே, அது நம் பொய்க்கும் பொருந்தும். ஆயிரம் கொட்டை ஊன்றினால் "ஆயிரம் விதை ஊன்றினோம்" என்றுதான் சொல்ல வேண்டும். "ஆயிரம் பனை வளர்த்தோம்" என்பது வேறு வாக்கியம். நடுவில் ஆடு மேயும், கரைப் புல்லுக்கு யாராவது தீ வைப்பார்கள், பொங்கல் சமயத்தில் கிழங்குக்காகத் தோண்டுகிறவர்களும் உண்டு. இதையெல்லாம் நாங்களே சொல்லிவிடுவோம். "பனை இருந்தால் அந்த ஊரில் இடியே விழாது" என்பது போன்றவற்றை மேடையில் யாராவது பேசினால், பதிவரை ஓரமாகக் கூப்பிட்டு அதை எழுத வேண்டாம் என்று சொல்லிவிடுவோம். உயரமான மரத்தில் இடி விழும், அவ்வளவுதான்.

பணம் கேட்டால் கொடுக்கலாமா?

பஸ் செலவு, சாப்பாடு கொடுப்போம். எழுதுவதற்கென்று கொடுப்பதில்லை, கொடுக்கக் காசும் இல்லை. வீடியோ எடுப்பதுதான் ஒருவருக்குப் பிழைப்பு என்றால் அவர் கூலி கேட்பதில் தப்பு ஒன்றும் இல்லை. உங்களால் முடிந்தால் கொடுங்கள். ஆனால் கொடுத்ததைப் படிக்கிறவருக்குத் தெரியும்படி போடச் சொல்லுங்கள். விளம்பரத் தர நிர்ணயக் கவுன்சில் 2021-இலும், மத்திய நுகர்வோர் விவகாரத் துறை 2023 ஜனவரியிலும் இதற்கு நெறிமுறை கொண்டுவந்தன. காசோ பரிசோ வாங்கிக்கொண்டு பரிந்துரைத்தால் அதை வெளிப்படையாகச் சொல்ல வேண்டும்; ஏமாற்று விளம்பரத்துக்கு நுகர்வோர் பாதுகாப்புச் சட்டத்தில் முதல் தடவையே 10 லட்சம் ரூபாய் வரை அபராதம் விதிக்க இடமிருக்கிறது. அவை பொருள், சேவை விற்கிறவர்களை மனதில் வைத்து வந்தவைதான். நாம் எதையும் விற்கவில்லை. இருந்தாலும் "பனைக்காகப் பேசியதற்குக் காசு வாங்கினாராம்" என்று பின்னால் ஒருவர் கண்டுபிடித்து எழுதினால், போவது அவர் பெயர் மட்டுமல்ல.

பதிவிலேயே நன்கொடை கேட்கலாமா?

இதில் கவனம். ஆர்வக்கோளாறில் ஒரு பதிவர் தன் சொந்த ஜிபே க்யூஆர் படத்தைப் பதிவில் போட்டுவிட்டார். நல்ல மனுஷன்தான், வந்ததைப் பைசா குறையாமல் கொடுத்தார். ஆனால் யார் எவ்வளவு போட்டார்கள் என்று யாருக்கும் கணக்குக் காட்ட முடியவில்லை. அதிலிருந்து நாங்கள் பணமே வாங்குவதில்லை. மண்வெட்டி, கடப்பாரை, சாக்கு, கொட்டை எதுவானாலும் பொருளாகக் கொடுங்கள்.

நீங்கள் பதிவு செய்த அமைப்பு என்றால் அமைப்பின் வங்கிக் கணக்கை மட்டும் கொடுங்கள். நன்கொடைக்கான 80-ஜி வருமான வரிச் சலுகை இருந்தாலும் ரொக்கமாக 2,000 ரூபாய்க்கு மேல் கொடுத்தால் வரிவிலக்குக் கிடைக்காது, அதையும் பதிவில் சொல்லச் சொல்லுங்கள். இன்னொன்று, தமிழ்ப் பதிவுகளைப் படிக்கிறவர்களில் கணிசமானவர்கள் சிங்கப்பூரிலும் கனடாவிலும் இருக்கிறார்கள். இந்தியப் பாஸ்போர்ட் வைத்திருப்பவர் தன் சம்பாத்தியத்திலிருந்து கொடுத்தால் பிரச்சினை இல்லை. அந்த நாட்டுக் குடியுரிமை வாங்கியவர் நம் ஊரிலேயே பிறந்தவராக இருந்தாலும், சட்டப்படி அது வெளிநாட்டு நன்கொடை. வெளிநாட்டு நன்கொடைச் சட்டத்தின் (எஃப்சிஆர்ஏ) அனுமதி இல்லாமல் வாங்கக் கூடாது. ஆசையாக அனுப்புகிறேன் என்பவரிடம் வேண்டாம் என்று சொல்வது கஷ்டம்தான்.

கூட்டி வந்து காட்டியவரே நம்மைக் குறை சொல்லி எழுதிவிட்டால்?

எங்களுக்கு நடந்தது. விவசாயம் பற்றி எழுதுகிற ஒருவர் வந்தார். பாராட்டுவார் என்று நினைத்தோம். "கரையில் வண்டி இறங்குகிற இடத்திலேயே விதைத்திருக்கிறார்கள், அடுத்த தடவை ஏரியைத் தூர்வார ஜேசிபி வந்தால் முதலில் போவது இந்த வரிசைதான்" என்று எழுதிவிட்டார். எங்கள் பையன்களுக்கு ஒரே கோபம். பின்னூட்டத்தில் போய்ச் சண்டை போட இருந்தார்கள், நான் போனை வாங்கி வைத்துக்கொண்டேன். மறுநாள் போய்ப் பார்த்தால் மனுஷன் சொன்னது சரி. வரிசையை வெளிச்சரிவுப் பக்கம் தள்ளி ஊன்றிவிட்டு, அவர் பதிவின் கீழேயே "மாற்றிவிட்டோம்" என்று படத்தோடு போட்டோம். அதற்குப் பிறகு எங்களுக்காக அதிகம் பேசுகிறவர் அவர்தான்.

தகவல் தப்பாக இருந்தால் தனியாக எழுதித் திருத்தச் சொல்லுங்கள். கருத்து பிடிக்காவிட்டால் விட்டுவிடுங்கள். பதிவை வெளியிடும் முன் எங்களுக்குக் காட்டுங்கள் என்று மட்டும் எந்தக் காலத்திலும் கேட்காதீர்கள்.

பதிவர் ஒரு கட்சிக்காரர் என்றால்?

கொட்டைக்குக் கட்சி கிடையாது, வரச் சொல்லுங்கள். கொடியோடும் துண்டோடும் படம் மட்டும் கரையில் வேண்டாம் என்று முன்கூட்டியே சொல்லிவிடுங்கள். எல்லாக் கட்சிக்காரர்களிடமும் ஒரே மாதிரி சொல்லுங்கள்.

பதிவால் பலன் கிடைத்ததா என்று எப்படித் தெரிந்துகொள்வது?

பார்வை எண்ணிக்கையை நாங்கள் கேட்பதே இல்லை. வருகிற ஒவ்வொருவரிடமும் "எங்கே பார்த்து வந்தீங்க?" என்று கேட்டு ஒரு நோட்டில் எழுதிக்கொள்கிறோம். அதைப் புரட்டினால் ஆச்சரியமாக இருக்கும். பரபரப்பாக ஓடிய வீடியோவின் பெயர் இரண்டு இடத்தில் இருக்கும். பனங்கிழங்குப் பதிவு எழுதிய அந்த அம்மாவின் பெயர் பக்கத்துக்குப் பக்கம் இருக்கும். காரணம், பதிவின் கடைசியில் அவர் "ஒரு சாக்கு கொட்டையோடு வாருங்கள்" என்று ஒரு வரி சேர்த்திருந்தார். பஸ்ஸில் சாக்கு மூட்டையோடு வந்து இறங்கினவர்களே உண்டு, கண்டக்டர் லக்கேஜ் டிக்கெட் போட்டதைப் பதிவிலும் போட்டார்கள்.

எந்த மாதத்தில் எழுதத் தொடங்குவது?

பழம் விழத் தொடங்குவது ஆடியில். கொட்டை சேர்ப்பது ஆவணியில், ஊன்றுவது புரட்டாசியில், ஐப்பசி மழைக்கு முன்னால் முடித்துவிட வேண்டும். அதனால் கடிதங்களை ஆனி கடைசியில் எழுதி விடுகிறேன். ஏற்கெனவே வந்து எழுதியவர்களுக்கு மட்டும் இன்னொரு முறை, மாசி வாக்கில் ஒரு படம் அனுப்புவேன். அவர்கள் கையால் ஊன்றிய இடத்தில் மடிப்பு விரியாத ஒற்றை ஓலை எட்டிப் பார்த்திருந்தால் அந்தப் படம். எட்டிப் பார்க்காவிட்டால் வெறும் மண்ணின் படம், "கீழே போய்க்கொண்டிருக்கிறது" என்று ஒரு வரியோடு.